வயர்மேனின் லக்ஸ் நோட்டு

பால் காய்ச்சி மூன்று மாதம் ஆன வீடு, உத்தமபாளையத்தில். போன் வந்தது. "அண்ணே, ஹால்ல உக்கார முடியல, கண்ணு கூசுது. ஆனா ராத்திரி பேப்பர் படிக்கணும்னா வெளிச்சம் பத்த மாட்டேங்குது." கூசுவதும் பத்தாததும் ஒரே ஹாலில், ஒரே நேரத்தில். அந்த வீட்டு ஒயரிங் என் கைவேலை. பால்ஸ் சீலிங்கில் 12 வாட்ஸ் ஸ்பாட் லைட் 16 எண்ணம், நாலு நாலாக வரிசை. போட்ட அன்றைக்கு வீட்டுக்காரர் கை கொடுத்துப் பாராட்டினார். இருபத்திரண்டு வருஷமாக லைசென்ஸ் வைத்துத் தொழில் பார்க்கிறவனுக்கு அந்தப் போனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த 80 பக்க நோட்டு அன்று சாயங்காலம் வாங்கியது.

*

முதல் பக்கத்தில் எழுதியது: வாட்ஸ் என்பது விளக்கு குடிக்கிற கரண்ட். லுமென் என்பது விளக்கு கக்குகிற வெளிச்சம். லக்ஸ் என்பது ஒரு இடத்தின் மேல் வந்து விழுகிற வெளிச்சம். ஒரு சதுர மீட்டரில் ஒரு லுமென் விழுந்தால் ஒரு லக்ஸ். இத்தனை வருஷம் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்திருக்கிறேன். கடையில் கேட்பவரும் "எத்தன வாட்ஸ்?" என்றுதான் கேட்கிறார், நானும் அதைத்தான் சொல்கிறேன்.

அளவு மனதில் பதிய: சித்திரை வெயில் உச்சியில் ஒரு லட்சம் லக்ஸுக்குப் பக்கம். மேகம் மூடிய பகல் 10,000 சொச்சம். பௌர்ணமி நிலா கால் லக்ஸ் தேறினால் அதிகம். இந்த மூன்றிலும் நம் கண் வேலை செய்கிறது. கண்ணை நம்பி லக்ஸ் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். மீட்டர் வாங்கினேன்.

*

மீட்டரோடு உத்தமபாளையம் போனேன். ஹால் 14-க்கு 20. அதாவது 26 சதுர மீட்டர். பாடப்புத்தகக் கணக்கு: வேண்டிய லக்ஸை இடத்தின் பரப்பால் பெருக்கி, இரண்டு கழிவுகளால் வகுக்க வேண்டும். ஒன்று, சுவரும் கூரையும் விழுங்கியது போகக் கீழே வந்து சேரும் பங்கு, சுமார் 0.5. இன்னொன்று, தூசியாலும் வயதாலும் விளக்கு மங்குவதற்கு 0.8. ஹாலுக்கு 150 லக்ஸ் என்று வைத்தால் 9,750 லுமென் வருகிறது. 20 வாட்ஸ் எல்.இ.டி. டியூப்லைட் ஐந்து போதும். நான் போட்டது 16,000 லுமென். சராசரி பார்த்தால் 240 லக்ஸுக்கு மேல். யாரும் குறை சொல்ல முடியாத எண்.

மீட்டர் வேறு சொன்னது. ஸ்பாட்டுக்கு நேர் கீழே டைல்ஸ் மேல் 600. சோபாவில் உட்கார்ந்தவர் மடியில் 40. மீதி வெளிச்சம் பளபளக்கும் டைல்ஸில் பட்டு முகத்தில் அடிக்கிறது. சுவர் நாலும் இருட்டு. நான் வாங்கிப் போட்டது 24 டிகிரி கோணமுள்ள ஸ்பாட். ஏழடி இறங்கி வந்தால் அது போடும் வட்டம் மூன்றடிதான். 36 டிகிரி என்றால் நாலரை அடி. 60 டிகிரி என்றால் எட்டடி. டப்பாவில் அச்சடித்திருக்கும் இந்த எண்ணை இதுவரை ஒருநாளும் படித்ததில்லை. நான் வெளிச்சம் கொடுத்தது தரைக்கு. அந்த வீட்டில் தரையில் யாரும் உட்காருவதில்லை.

*

சின்னமனூர், எங்கள் வீடு. அம்மாவுக்கு 68. சமையல்கட்டில் நடுக்கூரையில் ஒரு டியூப்லைட், நான் போட்டதுதான். மேடையில் யாரும் நிற்காதபோது மீட்டர் 120 காட்டியது. அம்மா வந்து வெங்காயம் நறுக்க நின்றதும் 35.

"என் நெழலு மேலதான்டா நான் இத்தன வருசமா வெட்டிக்கிட்டிருக்கேன். நீ இப்பத்தான் பாக்குறியா?"

விளக்குக்கும் மேடைக்கும் நடுவில் ஆள் நிற்கிறாள். முதுகுக்குப் பின்னால் விளக்கைப் போட்டுவிட்டு வெளிச்சம் பத்தவில்லை என்றால் 20 வாட்ஸை 40 ஆக்கினாலும் நிழல்தான் கருக்கும். நம் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதை. கூரை நடுவே ஒரு பாயின்ட், அதுவும் பேன் பாக்ஸுக்கு ஒரு பக்கம் தள்ளி. அதோடு மேடைக்குக் கருப்பு கிரானைட். விழுகிற கொஞ்சத்தையும் அது குடித்துவிடும். கருப்புக் கல்லில் கறிவேப்பிலைக் காம்பும் தெரியாது, கட்டெறும்பும் தெரியாது.

உள்கட்டட வெளிச்சத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3646 என்று ஒன்று இருக்கிறது, 1992-ல் திருத்தியது. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் இல்லை, மூன்று எண். 200-300-500 என்பதுபோல. நடு எண் வழக்கமான ஆளுக்கு. பார்வை குறைந்தவர் வேலை செய்யும் இடத்துக்கும், தப்பு நேர்ந்தால் நஷ்டம் பெரிதாகும் இடத்துக்கும் மேல் எண். 60 வயதுக் கண்ணுக்குள் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு என்கிறார்கள். வீட்டில் அதிக நேரம் சமைப்பது யார் என்று யோசித்தால் எந்த எண்ணை எடுப்பது என்பது தெரிந்துவிடும்.

மேல் அலமாரிக்கு அடியில், முன் விளிம்பை ஒட்டி, ஒரு நாலடி எல்.இ.டி. பட்டை. கண்ணில் படாமல் அலமாரிப் பலகையே மறைக்கும். மேடையில் 380 வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கூரை விளக்கைப் போடவே இல்லை.

*

போடி. ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் லைட் மாற்றும் வேலை. இதைப் பெரிதாக எழுத வேண்டும்.

ஏலக்காய்க்கு விலை அளவிலும் பச்சையிலும் இருக்கிறது. 8 மில்லிமீட்டருக்கு மேல், நல்ல பச்சை என்றால் ஒரு விலை. அதே அளவு வெளுத்திருந்தால் வேறு விலை. சல்லடை அளவைப் பார்த்துக்கொள்ளும். பச்சையைப் பார்ப்பது கண்ணும் வெளிச்சமும். வரிசையாக உட்கார்ந்து ரகம் பிரிக்கும் பெண்களிடம் கேட்டேன், எந்த இடம் வசதி என்று. எல்லோரும் கை காட்டியது ஜன்னல் ஓரம். "டியூப்லைட்டுக்கு அடியில எல்லாக் காயும் ஒரே மாதிரிதாண்ணே இருக்கு" என்றார் ஒருவர். அவர் சொன்னதற்குப் புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு: நிறம் காட்டும் திறன், சி.ஆர்.ஐ. வெயிலில் தெரிவதுபோலவே தெரிந்தால் 100. சாதாரண எல்.இ.டி. 80. மலிவு சரக்கு 70-க்கும் கீழே. இதில் ஒரு சூட்சுமம், அந்த எண் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி மட்டுமே. அடர் சிவப்பு கணக்கிலேயே வராது. அதனால்தான் 80 போட்ட விளக்கின் கீழ் தக்காளியும் மனிதத் தோலும் சோகை பிடித்தாற்போல் இருக்கின்றன. அடர் சிவப்புக்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. கேட்டால்தான் காட்டுவார்கள், கேட்டாலும் பலரிடம் இருக்காது.

ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிற ஊர்கள் இரண்டு, இங்கே போடி, மலைக்கு மேலே புத்தடி. விலையைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறார்கள். ஆனால் கையில் ஒரு சாம்பிள் இருக்கும், வியாபாரி அதை உருட்டிப் பார்த்துத்தான் தட்டுகிறார். அந்தக் கைக்கு மேல் விழும் வெளிச்சத்தில் கிலோவுக்கு எத்தனை ரூபாய் ஏறி இறங்குகிறது என்று யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பச்சையைக் காட்டுகிற வெளிச்சமே பச்சையைத் தின்கிறது. அதனால்தான் உலர்த்திய காயைக் கருப்புப் பாலிதீன் உள்ளே போட்ட சாக்கில் கட்டி இருட்டில் வைக்கிறார்கள். அருங்காட்சியகங்களில் பழைய துணிக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸுக்கு மேல் கூடாது என்று விதி. போடிக்காரர்கள் அந்த விதியைப் படிக்காமலே சரக்கறையைச் சரியாக வைத்திருக்கிறார்கள். ரகம் பிரிக்கும் அறையில்தான் கோட்டை விட்டார்கள். முதலாளியிடம் சொன்னது: பிரிக்கும் மேசைக்கு மேல் சி.ஆர்.ஐ. 90-க்கு மேல், பகல் வெள்ளை, 750 லக்ஸ். சரக்கறைக்கு ஒரே ஒரு சின்ன பல்பு, அதுவும் ஆள் வெளியே வந்ததும் அணையட்டும். மேசைக்கு ஒப்புக்கொண்டார். சரக்கறையில் மட்டும் "திருடன் வந்தா தெரிய வேணாமாப்பா" என்று நாலு டியூப்லைட் வைத்துக்கொண்டார்.

*

ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம், நெசவு ஊர்கள். சேலை வாங்கப் போனால் வீட்டுப் பெண்கள் செய்யும் முதல் வேலை, மடிப்பைப் பிரித்துக் கடை வாசலுக்குக் கொண்டுபோவது. கடைக்காரர் முகம் சுளிப்பார். கடை விளக்கில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு நூல் வெயிலில் வேறு வேறாகத் தெரியும். சாயம் வேறு, விளக்கு ஏமாற்றியது. உடம்பும் முந்தியும் ஒத்துப்போகிறதா என்று வாசலில் நின்று பார்ப்பது நம்பிக்கையின்மை இல்லை, சோதனை முறை. என் மாமியார் இதில் எனக்குக் குரு.

*

"மஞ்ச லைட்டா? வேணாம்ணே, டல்லடிக்கும்." வாரம் ஒருமுறை கேட்கிறேன்.

இதன் வேர் வேறு எங்கோ இருக்கிறது என்று தோன்றுகிறது. எங்கள் சிறுவயதில் மஞ்சள் என்றால் லோ வோல்டேஜ். குண்டு பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். நிறமும் செம்மஞ்சளாக இறங்கும். தேக்கடித் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, நாலு ராட்சதக் குழாயில் இறங்கி, லோயர்கேம்ப்பில் மின்சாரமாகிறது. குமுளி மலைப்பாதையில் போகும்போதெல்லாம் அந்தக் குழாய்களைப் பார்ப்போம். அதே தண்ணீரில்தான் எங்கள் வயலும் விளைந்தது. ஆனால் அந்தி ஏழு மணிக்கு எங்கள் வீட்டு பல்பு அணையப்போகும் கங்கு மாதிரி இருக்கும். அப்படி வளர்ந்தவர்கள் வீடு கட்டும்போது 6,500 கெல்வின் வெள்ளை கேட்பார்கள். அது அவர்களுக்கு வசதி வந்ததன் அடையாளம். 3,000 கெல்வின் வார்ம் வொயிட்டும் அதே லுமென் தரும் என்று மீட்டரை வைத்துக் காட்டினாலும் முகம் தெளியாது.

நான் இப்போது வாதாடுவதில்லை. படுக்கையறைக்கு மட்டும் ஒரு வாரம் மஞ்சள் போட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் என் செலவில் மாற்றித் தருகிறேன் என்கிறேன். இதுவரை மாற்றச் சொன்னவர் ஒருவர்.

*

ஜீரோ வாட்ஸ் பல்பு 15 வாட்ஸ் குடித்தது. அந்தப் பெயரை வைத்தவர் நல்ல வியாபாரி.

*

கோம்பையில் அம்மாச்சி வீடு ஓட்டு வீடு. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. காலையில் வெயில் சதுரம் குலுக்கைப் பக்கம் இருக்கும், மத்தியானம் உரல் பக்கம் வரும். மணி பார்க்க அம்மாச்சிக்கு அதுதான். இப்போது கணக்குப் போட்டேன்: ஒரு ஓடு மூடும் பரப்பு 15-ல் ஒரு சதுர மீட்டர். உச்சி வெயிலில், கண்ணாடி தடுத்தது போக, 3,500 லுமெனுக்கு மேல் உள்ளே வருகிறது. அழுக்கு, பாசி, அணில் எச்சம் எல்லாம் கழித்தாலும் ஒரு டியூப்லைட்டுக்குக் குறையாது. 1950-களில் கட்டிய வீடு. கரண்ட் வந்தது அதற்கு ரொம்பப் பின்னால்.

*

வடக்கு ஜன்னல். மேல்நாட்டுப் புத்தகம் ஒவ்வொன்றும் சொல்கிறது: வடக்கு வெளிச்சம் வெயில் படாதது, சீரானது, படம் வரைய, படிக்க உகந்தது என்று. எழுதியவர்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே. கம்பம் இருப்பது 10 டிகிரிக்குச் சற்றுக் குறைவில். சித்திரை பிறந்து ஓரிரு நாளில் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல். அதற்குப் பிறகு ஆவணி முதல் பாதி வரை அது நமக்கு வடக்கே இருக்கிறது. நாலு மாதத்துக்கு மேல் வடக்கு ஜன்னல்தான் வெயில் ஜன்னல்!

நடுப்பகலில் கவலை இல்லை. அப்போது சூரியன் உயரத்தில் இருப்பதால் இரண்டடி சன்ஷேடு எட்டடி வரை நிழல் போட்டுவிடும். காலை, மாலைச் சாய்வெயில்தான் உள்ளே வரும். தெற்குக்கு நேர்மாறு. மார்கழி நடுப்பகலில் அதே இரண்டடி சன்ஷேடு மூன்றடி வரைதான் மறைக்கும், மீதி வெயில் அறைக்குள். இன்ஜினியர்கள் நாலு பக்கத்துக்கும் ஒரே அளவு சன்ஷேடு வரைவதை இனிமேல் சும்மா பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன். கேட்க மாட்டார்கள், சொல்லிவைப்பேன்.

மலையடி ஊர்களுக்கு இன்னொரு கணக்கு. மேற்கே கேரள மலை, கிழக்கே மேகமலை. வெயில் பிந்தி வந்து முந்திப் போகும். ஆனால் வானம் வெளுத்தே இருக்கும். இந்த நீண்ட அந்திக்கு விளக்குப் போடுவதா வேண்டாமா என்று தெரியாத ஒரு முக்கால் மணி நேரம். அதற்கென்று மங்கலான ஒரு தனி ஸ்விட்ச் ஒவ்வொரு ஹாலிலும் வேண்டும்.

*

அமெரிக்கர் ரிச்சர்ட் கெல்லி. கட்டடங்களுக்கு விளக்கு வடிவமைத்தவர். 1952-ல் எழுதிய கட்டுரையில் வெளிச்சத்தை மூன்றாகப் பிரித்தார்: எங்கும் பரவி நிற்பது, ஒன்றின் மேல் குவிவது, மினுக்குவது. முதலாவதற்கு அவர் சொன்ன உதாரணம் பனி மூடிய வெட்டவெளிக் காலை. நமக்குப் பனி ஏது! ஆடி மாதம், மேகம் இறங்கி, காற்று மட்டும் அடிக்கிற கூடலூர் வயல், நிழலே விழாத பகல், அது முதலாவது. டீக்கடை பாய்லர் மேல் தொங்கும் ஒற்றை பல்பு இரண்டாவது. மூன்றாவது வீரபாண்டி சித்திரைத் திருவிழா, ராட்டினம், வளையல் கடை, தீச்சட்டி.

என் 16 ஸ்பாட் ஹாலில் இரண்டாவது மட்டுமே இருந்தது, அதுவும் வெறுந்தரை மேல்.

*

சின்னமனூர் பூலாநந்தீஸ்வரர் கோயிலுக்கு மீட்டரோடு போனேன். பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. வெயிலில் இருந்து நேரே சாமியிடம் போக முடியாது. மண்டபம் மண்டபமாக இருட்டு கூடிக்கொண்டே போகும். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிஷமாவது வேண்டும். நடையும் வரிசையும் அந்த நேரத்தைக் கொடுக்கின்றன. ஒரு அகல் தருவது 12 லுமென் போல. ஒரு மீட்டர் தள்ளி ஒரு லக்ஸ், அரை மீட்டரில் நாலு. இத்தனூண்டு சுடர் போதுமானதாக இருப்பதற்குக் காரணம் சுடர் இல்லை, நாம் நடந்து வந்த வழி. நடுவில் எந்த மண்டபத்திலாவது உபய டியூப்லைட் ஒன்று எரிந்தால் எல்லாம் கெட்டது. கண் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

*

தெர்மாகோல். 2017-ல் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க என்று வைகை அணையில் இதை மிதக்கவிட்ட பிறகு எங்கள் மாவட்டத்தில் இந்தச் சொல்லுக்கே சிரிப்பு வருகிறது. எனக்கு வேறு நினைவு. இருபது வயதில் ஒரு சினிமா ஷூட்டிங்குக்கு ஜெனரேட்டர் ஆளாகப் போனேன். பெரிய விளக்கை நடிகை மேல் அடிக்காமல் எதிரே பிடித்த தெர்மாகோல் அட்டை மேல் அடித்தார்கள். பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் முகத்தில் ஒரு கோடு கூட நிழல் இல்லை. அட்டையைப் பிடித்தவன் நான். அன்றைக்குக் கை வலித்ததுதான் தெரிந்தது. வெள்ளைக் கூரைதான் வீட்டின் தெர்மாகோல் என்பது இப்போது தெரிகிறது. விளக்கை மேலே பார்க்கத் திருப்பிப் போட்டால் கூரை முழுக்க விளக்காகிவிடும். வெள்ளைக் கூரை 70-80 சதவீதம் திருப்பித் தரும். கிராமத்தில் அடிக்கும் கரும்பச்சை ஆயில் பெயிண்ட் பத்து சதவீதம் தந்தால் ஆச்சரியம்.

*

பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் ஒரு தவறு. ஒரு டாக்டர் வீடு, ஊர் வேண்டாம். சுவரை ஒட்டி, கூரையில் நாலு அங்குலம் தள்ளி எல்.இ.டி. பட்டை போட்டு, சுவர் மேல் வழியவிட்டேன். ஸ்விட்சைப் போட்டதும் சுவர் முழுக்க அலை. கரணை போன தடம், பட்டி தேய்த்த தடம், எல்லாம் மலைத்தொடர் மாதிரி எழுந்து நின்றது. வீட்டுக்காரர் பெயிண்டரைப் பார்த்தார், பெயிண்டர் கொத்தனாரைப் பார்த்தார், கொத்தனார் என்னைப் பார்த்தார். "ரசமட்டத்துல சரியாத்தான் இருந்துச்சு. இவர் லைட்டுதான் கெடுக்குது."

அவர் சொன்னது உண்மை. ஒட்டி வழியவிடுவது கருங்கல் சுவருக்கும் செங்கல் சுவருக்கும்; மேடு பள்ளம் தெரிவதற்காகவே போடுவது. பூசிய சுவருக்கு விளக்கு தள்ளி நிற்க வேண்டும், சுவர் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்பதடிச் சுவருக்கு மூன்றடி. பட்டையைக் கழற்றியது என் செலவு.

*

உத்தமபாளையம் வீட்டுக்குத் திரும்பப் போனேன். செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. பன்னிரண்டு ஸ்பாட்டை அணைக்க வேண்டும், சுவர் ஓரம் இருக்கும் நாலை 60 டிகிரிக்கு மாற்றிச் சுவர் பக்கம் திருப்ப வேண்டும், சோபாவுக்குப் பின்னால் படிக்க ஒரு விளக்கு, டி.வி.க்குப் பின்னால் மங்கலாக ஒன்று. நாலும் நாலு ஸ்விட்சில்.

முடியவில்லை. பதினாறையும் இரண்டே ஸ்விட்சில் லூப் அடித்திருந்தேன். சோபாவுக்குப் பின்னால் பாயின்ட் இல்லை. கூரைக்குள் புதைத்த பைப்பில் இன்னொரு ஒயர் நுழைய இடமில்லை. கடைசியில் கோணம் மாற்றி, பன்னிரண்டைக் கழற்றி ஓட்டைகளுக்கு மூடி போட்டு, பிளக்கில் சொருகுகிற ஸ்டாண்டு விளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மடியில் இப்போது 310 லக்ஸ். கூசவில்லை. கூரையில் பன்னிரண்டு வெள்ளை மூடிகள் இருக்கின்றன, வருகிற விருந்தாளிகள் அது என்ன என்று கேட்கிறார்களாம்.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த வயர்மேனை வைத்தாலும் சரி, கூரை கான்கிரீட்டுக்கு ஒரு வாரம் முன்னால் அவரை வெறும் மாடியில் நிற்கவைத்து, எங்கே உட்காருவீர்கள், எங்கே படிப்பீர்கள், எங்கே நின்று வெங்காயம் நறுக்குவீர்கள் என்று காட்டிவிடுங்கள். பால் காய்ச்சுகிற அன்றைக்குக் கூப்பிட்டால் எங்களால் பல்புதான் மாட்ட முடியும்.